கடைசி 280 மீட்டர்

1924 ஜூன் 4ஆம் தேதி, எவரெஸ்டின் வடக்கு முகத்தில் எட்வர்ட் நார்ட்டன் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி ஒற்றையாளாக ஏறிக்கொண்டிருந்தார். முதுகில் ஆக்சிஜன் உருளை கிடையாது. பனிக் கண்ணாடியைக் கழற்றிவிட்டிருந்ததால் பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. கிட்டத்தட்ட 8,570 மீட்டர் உயரத்தில் நின்று யோசித்தார், திரும்பிவிட்டார். அன்றிரவே பனி ஒளியால் பார்வை போய், இரண்டு மூன்று நாட்கள் கண் தெரியாமல் கிடந்தார்.

உச்சிக்கு இன்னும் 280 மீட்டர்கூட இல்லை. சமதரையில் நாலு நிமிட நடை. அந்தத் தூரத்தை ஆக்சிஜன் உருளை இல்லாமல் மனிதன் கடந்தது 1978இல்தான். அதாவது, நிலவில் கால்வைத்து ஒன்பது ஆண்டுகள் கழித்து.

மலை உயரத்தில் காற்றில் ஆக்சிஜன் குறைந்துவிடும் என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மெரினா கடற்கரையிலும் சரி, எவரெஸ்ட் உச்சியிலும் சரி, காற்றில் ஆக்சிஜனின் பங்கு ஒன்றுதான்: 21 சதவீதம். குறைவது காற்றின் அழுத்தம். நம் தலைக்கு மேலே இருக்கும் காற்றின் எடைதான் அந்த அழுத்தத்தைத் தருகிறது. மேலே போகப்போக, தலைக்கு மேல் மிஞ்சும் காற்று குறைகிறது. கடல் மட்டத்தில் 760 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு இருக்கும் அழுத்தம், எவரெஸ்ட் உச்சியில் 253. மூன்றில் ஒரு பங்கு.

இதில் இன்னொரு பிடுங்கலும் உண்டு. உள்ளே இழுக்கும் மூச்சை நம் மூக்கும் தொண்டையும் ஈரமாக்கித்தான் நுரையீரலுக்கு அனுப்புகின்றன. உடல் வெப்பத்தில் அந்த நீராவி மட்டும் 47 மில்லிமீட்டரை எடுத்துக்கொள்ளும். எங்கே போனாலும் இந்த 47 மாறாது. 760இல் 47 போனால் நமக்குத் தெரியவே தெரியாது. 253இல் 47 போனால், கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கை வாசலிலேயே பறிகொடுத்த மாதிரி. மீதமிருக்கும் 206இல் 21 சதவீதம் ஆக்சிஜன் என்றால், அதன் அழுத்தம் வெறும் 43. கடல் மட்டத்தில் இது 150.

நுரையீரலின் கடைக்கோடியில், நுண்ணிய காற்றறைகளில், ஆக்சிஜனுக்கு ஒரு போட்டியாளரும் இருக்கிறது: ரத்தம் கொண்டுவந்து இறக்கும் கார்பன் டை ஆக்சைடு. சாதாரணமாக அதன் அழுத்தம் 40. உச்சியில் உள்ளே வரும் ஆக்சிஜனே 43தான் எனும்போது, இது 40ஐப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் கதை முடிந்தது. கூட்டமான டவுன் பஸ்ஸைப் போலத்தான். இறங்க வேண்டியவர் இறங்கினால்தான் ஏற வேண்டியவருக்கு இடம். இறக்கிவிட உடலுக்குத் தெரிந்த ஒரே வழி, மூச்சை வேகமாகவும் ஆழமாகவும் விடுவது. உயரமான மலையில் மனிதர்கள் நாய் இரைப்பதைப்போல் இரைப்பது களைப்பால் மட்டுமல்ல. அந்த இரைப்புதான் அவர்களை உயிரோடு வைத்திருக்கிறது.

இரைக்காமல், பழகாமல், ஒரேயடியாக மேலே போனால் என்ன ஆகும்? 1875 ஏப்ரல் 15ஆம் தேதி ஸெனித் என்ற பலூனில் மூன்று பிரெஞ்சுக்காரர்கள் 8,000 மீட்டருக்கு மேலே போனார்கள். கையில் ஆக்சிஜன் நிரப்பிய பைகள் இருந்தன. ஆனால் குழாயை வாயில் வைக்கக் கை எழவில்லை. எழ வேண்டும் என்ற பயமும் வரவில்லை. பலூன் தானாகக் கீழே இறங்கியபோது கஸ்தோன் திசாந்தியே மட்டும் கண்விழித்தார். மற்ற இருவரும் இறந்திருந்தார்கள். ஆக்சிஜன் பற்றாக்குறையின் மிகக் கொடூரமான குணம் இது. மூச்சை அடக்கினால் வரும் திணறல் கார்பன் டை ஆக்சைடு சேர்வதால் வருவது. ஆக்சிஜன் மட்டும் குறையும்போது பெரிய திணறல் வருவதில்லை. மூளை மெல்ல மயங்கி, எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிடும். அந்தப் பயணிகளுக்கு முன்கூட்டி ஆலோசனை சொன்ன போல் பேர் என்ற உடலியல் அறிஞர்தான், உயரத்தில் ஆளைக் கொல்வது ஆக்சிஜனின் அழுத்தக் குறைவே என்று 1878இல் ஒரு பெரும் நூலில் நிறுவினார்.

இந்தக் கணக்கை எவரெஸ்டுக்குப் போட்டுப் பார்த்தவர் ஒரு வேதியியல் ஆசிரியர். பெயர் அலெக்சாண்டர் கெல்லாஸ். ஸ்காட்லாந்தின் அபெர்டீனில் 1868இல் பிறந்தவர். ஆர்கான், நியான் போன்ற வாயுக்களைக் கண்டறிந்த வில்லியம் ராம்சேயிடம் வேலைபார்த்தவர். பிறகு லண்டனில் ஒரு மருத்துவக் கல்லூரியில் மாணவர்களுக்கு வேதியியல் சொல்லிக்கொடுத்தார். கண்ணாடி போட்ட, கூச்ச சுபாவமுள்ள மனிதர். விடுமுறை கிடைத்தால் சிக்கிமுக்கு வந்துவிடுவார். கூட ஐரோப்பியர் யாரும் இருக்க மாட்டார்கள். ஷெர்ப்பாக்களின் திறமையை வெளியுலகில் முதலில் உணர்ந்த சிலரில் அவர் ஒருவர், அவர்களோடுதான் ஏறுவார். 1911இல் பௌஹுன்ரி என்ற சிகரத்தின் உச்சியில் நின்றார். 7,128 மீட்டர். அதுவரை மனிதன் ஏறிய சிகரங்களிலேயே உயரமானது அதுதான் என்பது பிந்தைய அளவீடுகளில்தான் தெரியவந்தது. கெல்லாஸுக்கே கடைசிவரை தெரியாது.

1920இல் அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரையின் கேள்வி நேரடியானது: செயற்கை ஆக்சிஜன் இல்லாமல் மனிதனால் எவரெஸ்ட் ஏற முடியுமா? உச்சியில் அழுத்தம் எவ்வளவு இருக்கும், ரத்தம் எவ்வளவு ஆக்சிஜன் ஏந்தும், உழைக்கும் உடலுக்கு எவ்வளவு வேண்டும், கடைசிப் பகுதியில் மணிக்கு எத்தனை அடி ஏறலாம் என்று ஒவ்வொன்றாகக் கணக்கிட்டார். உச்சிக்கு அருகில் மணிக்கு 300 முதல் 350 அடி, அதாவது சுமார் 100 மீட்டர் ஏறலாம் என்று வந்தது. முடிவு: நல்ல உடலும் மனமும் கொண்ட, முழுப் பயிற்சி பெற்ற ஒருவரால், பாதை மிகக் கடினமாக இல்லாதபட்சத்தில், முடியும். எவரெஸ்டின் அடிவாரத்தைக்கூட வெளிநாட்டவர் யாரும் நெருங்கியிராத காலம் அது. கட்டுரை ஒரு மாநாட்டுத் தொகுப்பில் பிரெஞ்சில் வெளிவந்து அப்படியே மறக்கப்பட்டது. ஆங்கில மூலம் முழுமையாக அச்சேறியது 2001இல்!

நடுவில் வந்தவர்கள் கெல்லாஸைவிட அவநம்பிக்கைக்காரர்கள். அவர்களைக் குறைசொல்லவும் முடியாது. கையில் அளவீடுகள் இருந்தன. 1960-61 குளிர்காலத்தில் எட்மண்ட் ஹில்லாரி தலைமையிலான குழு ஒன்று, 5,800 மீட்டர் உயரப் பனியாற்றில் வெள்ளி நிறக் குடில் கட்டி மாதக்கணக்கில் தங்கியது. அறிவியல் பொறுப்பு கிரிஃபித் பியூவிடம். 1953இல் ஹில்லாரியும் டென்சிங்கும் உச்சி சேர்ந்ததற்குப் பின்னால் இருந்த ஆக்சிஜன் கணக்கும் தண்ணீர்க் கணக்கும் இவருடையவை. குழுவினர் ஓடாத மிதிவண்டி ஒன்றை மக்காலு சிகரத்துக்கு அருகே 7,440 மீட்டர் வரை தூக்கிக்கொண்டு போனார்கள். அந்தப் பனியில் உட்கார்ந்து இரண்டு ஆய்வாளர்கள் பெடல் மிதித்தார்கள். உடல் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனை அளந்து வரைபடத்தில் கோடு போட்டு, அதை எவரெஸ்ட் உயரம்வரை நீட்டிப் பார்த்தபோது, அங்கே கிடைக்கும் ஆக்சிஜன் சும்மா படுத்துக்கிடப்பதற்கே சரியாகப் போய்விடும் என்று தோன்றியது. அப்புறம் எங்கே ஏறுவது?

1978 மே 8ஆம் தேதி ரெயின்ஹோல்ட் மெஸ்னரும் பீட்டர் ஹேபலரும் ஏறிவிட்டார்கள். கடைசி 100 மீட்டருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. 58 ஆண்டுகளுக்கு முன் ஒருவர் காகிதத்தில் போட்ட வேகம்!

அறிஞர்களின் கோடு எங்கே தவறியது? விடை தேடி ஜான் வெஸ்ட் என்ற உடலியல் அறிஞர் (மக்காலுவில் பெடல் மிதித்த இருவரில் ஒருவர்) 1981இல் ஒரு முழு ஆய்வுக் குழுவையே எவரெஸ்டுக்கு அழைத்துப் போனார். அந்த அக்டோபர் 24ஆம் தேதி, குழுவின் மருத்துவர் கிறிஸ் பிஸ்ஸோ உச்சியில் நின்று அழுத்தமானியைப் பார்த்தார். 253. விமானத் துறையினரின் பொது அட்டவணையோ அந்த உயரத்துக்கு 236 என்று சொல்லிக்கொண்டிருந்தது. வித்தியாசம் 17தான். ஆனால் விளிம்பில் நிற்பவனுக்கு அந்தப் பதினேழுதான் உயிர்.

எவரெஸ்ட் இருப்பது வட அட்சரேகை 28 பாகையில். வெப்ப மண்டலத்தை ஒட்டி. சூடான காற்று விரிந்து மேலே எழுவதால், பூமத்திய ரேகைப் பக்கம் வளிமண்டலம் துருவங்களைவிடத் தடிமனாக இருக்கிறது. அதனால் ஒரே உயரத்துக்கு மேல் இங்கே கூடுதல் காற்று இருக்கும். இதே எவரெஸ்ட் அலாஸ்காவின் டெனாலி மலை இருக்கும் 63 பாகையில் இருந்திருந்தால், ஆக்சிஜன் இல்லாமல் எவராலும் ஏறியிருக்க முடியாது என்கின்றன உடலியல் கணக்குகள். குளிர்காலத்தில் அழுத்தம் இன்னும் பத்துப் பன்னிரண்டு குறையும். மலையைச் சில நூறு மீட்டர் உயர்த்தி வைத்ததற்குச் சமம். 1987 டிசம்பரில், அந்தக் குளிரில், ஆக்சிஜன் இல்லாமல் உச்சிக்குப் போன ஒருவர் உண்டு: ஆங் ரீத்தா ஷெர்ப்பா.

எனக்கு இதில் தீராத வியப்பு ஒன்று உண்டு. இமயத்தை உயர்த்தியது கண்டத் தட்டுகளின் மோதல். நம் நுரையீரலை வடித்தது கோடிக்கணக்கான ஆண்டுப் பரிணாமம். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. இருந்தும் பூமியின் மிக உயர்ந்த இடமும், மனிதன் தன் சொந்த மூச்சில் எட்டக்கூடிய கடைசி இடமும் ஏறத்தாழ ஒன்றாக வந்து பொருந்தியிருக்கின்றன. இதற்குக் காரணம் எதுவும் இல்லை. தற்செயல்தான்.

பிஸ்ஸோ உச்சியில் இன்னொரு வேலையும் செய்தார். தன் மூச்சின் கடைசிப் பகுதியைச் சிறு குடுவைகளில் பிடித்துவந்தார். அதில் கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் 7.5. சாதாரண 40 எங்கே, இந்த 7.5 எங்கே! கடல் மட்டத்தில் விடுவதைப் போல ஐந்து மடங்குக்கு மேல் மூச்சு விட்டால்தான் அது இவ்வளவு இறங்கும். 2007இல் பிரிட்டிஷ் மருத்துவர்கள் நான்கு பேர் ஒருபடி மேலே போனார்கள். உச்சியில் காற்றும் குளிரும் விடவில்லை என்பதால், இறங்கும் வழியில் 8,400 மீட்டரில் பனி உடையைத் தளர்த்தி, தொடைத் தமனியில் ஊசி போட்டு ஒருவருக்கொருவர் ரத்தம் எடுத்துக்கொண்டார்கள். ரத்த மாதிரிகளை ஒரு ஷெர்ப்பா எடுத்துக்கொண்டு, 6,400 மீட்டரில் இருந்த முகாம் ஆய்வகத்துக்கு இரண்டு மணி நேரத்துக்குள் இறங்கினார். ஆக்சிஜன் அழுத்தத்தின் சராசரி 24.6. ஒருவருக்கு 19.1. நம்மூர் ஆஸ்பத்திரியில் 60க்குக் கீழே போனாலே ஆக்சிஜன் வைத்துவிடுவார்கள். இவர்களோ பேசிக்கொண்டும் ஊசி போட்டுக்கொண்டும் இருந்தார்கள்.

இவர்கள் அசாத்தியப் பிறவிகள் என்று எண்ண வேண்டாம். ஆக்சிஜன் இல்லாமல் 8,500 மீட்டருக்கு மேல் போன ஆறு பேரை, மெஸ்னர் உட்பட, ஆய்வகத்தில் சோதித்திருக்கிறார்கள். அவர்களின் ஆக்சிஜன் கொள்திறன் ஒலிம்பிக் நெடுந்தூர ஓட்டக்காரர்களின் பக்கத்தில்கூட வரவில்லை. உடற்பயிற்சி பழக்கமுள்ள சாதாரண ஆட்களின் அளவுதான். ஸெனித் பலூனில் போனவர்களிடம் இல்லாத, இவர்களிடம் இருந்த பெரிய சொத்து நாட்கள். வாரக்கணக்கில் மெல்ல மெல்ல ஏறியிருந்தார்கள்.

அந்த நாட்களில் உடல் செய்யும் வேலை அழகானது. அதிகம் மூச்சுவிட்டுக் கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றினால் ரத்தத்தின் அமிலத்தன்மை குறைந்து காரத்தன்மை கூடும். உடனே மூளை “போதும், மூச்சைக் குறை” என்று கடிவாளம் போடும். இரண்டு மூன்று நாட்களில் சிறுநீரகம் பைகார்பனேட்டைச் சிறுநீரில் வெளியே தள்ளிச் சமன்செய்யும். கடிவாளம் தளரும். மலைக்குப் போகிறவர்களுக்கு மருத்துவர்கள் தரும் டயமாக்ஸ் மாத்திரை செய்வதும் இதையேதான், கொஞ்சம் சீக்கிரமாக. கூடவே ஆக்சிஜன் குறைவை உணரும் செல்கள், சிவப்பணுக்களைக் கூட்டச் சொல்லி எலும்பு மஜ்ஜைக்குச் செய்தி அனுப்பும். செல்கள் அதை எப்படி உணர்கின்றன என்பதைக் கண்டறிந்த மூவருக்கு 2019ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

சிவப்பணு கூடக்கூட நல்லது என்றால், ஆயிரமாயிரம் ஆண்டுகளாக உயரத்தில் வாழும் திபெத்தியருக்கு அது நிறைய இருக்க வேண்டும் இல்லையா? இல்லை. அதே உயரத்துக்குப் போன சமவெளிக்காரரைவிட அவர்களுக்கு ஹீமோகுளோபின் குறைவு. ரத்தம் குழம்பாகக் கெட்டிப்பட்டால் இதயத்துக்குச் சுமை. அந்தப் பொறியில் அவர்கள் சிக்குவதில்லை. இதற்கு உதவும் மரபணு வடிவத்தை 2010இல் கண்டுபிடித்தார்கள். அது டெனிசோவன் என்ற அழிந்துபோன மனித இனத்திடமிருந்து வந்த சொத்து என்று 2014இல் தெரிந்தது.

இதிலெல்லாம் நம்மைத் தோற்கடிக்கும் ஒரு விருந்தாளி ஒவ்வொரு குளிர்காலத்திலும் திருநெல்வேலி மாவட்டத்துக்கு வந்துபோகிறது. கூந்தன்குளத்தில் வந்திறங்கும் வரித்தலை வாத்து. கோடையில் திபெத்திலும் மங்கோலியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, இமயத்தைத் தாண்டி இந்தியாவுக்கு வரும் இனம் அது. கருவி பொருத்திப் பின்தொடர்ந்ததில் 7,290 மீட்டர் உயரத்தில் ஒன்று பறந்தது பதிவாகியிருக்கிறது. பறப்பது என்பது உட்கார்ந்து மூச்சுவாங்குவதைப் போலன்று. உடலின் உச்சபட்ச உழைப்பு. அதன் ஹீமோகுளோபின் மற்ற வாத்துகளுடையதைவிட ஆக்சிஜனை இறுக்கமாகப் பற்றும். மேலும் பறவைகளின் நுரையீரலில் காற்று ஒரே திசையில் ஓடும், நமக்குப்போல் போனவழியே திரும்புவதில்லை. கூந்தன்குளம் போகிறவர்கள் அதன் தலையிலுள்ள இரண்டு கறுப்புப் பட்டைகளைத் தேடிப் பாருங்கள்.

மனிதனுக்கு அந்த வசதி இல்லை. ஏறுகிறவன் உடல் கரைகிறது, பசி போகிறது, தூக்கம் போகிறது, மூளையும் விளையாட்டுக் காட்டுகிறது. 1933இல் ஃபிராங்க் ஸ்மைத், நார்ட்டன் நின்ற அதே உயரம்வரை தனியாகப் போனார். பக்கத்தில் யாரோ கூடவே வருகிறார் என்ற உணர்வு அவரை விடவில்லை. ஓரிடத்தில் நின்று, பையிலிருந்த புதினா மிட்டாய்ப் பாளத்தை இரண்டாக உடைத்து, பாதியைக் கொடுக்கத் திரும்பினார். யாரும் இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் ஏன் திரும்பத் திரும்பப் போகிறார்கள்? பொருளியல் அறிஞர் ஜார்ஜ் லோவன்ஸ்டீன் 1999இல் இதை ஒரு ஆய்வுக் கட்டுரையாகவே எழுதினார். மலையேறிகளின் நூல்களைப் படித்தால் பக்கத்துக்குப் பக்கம் அவஸ்தைதான். இன்பத்தைக் கூட்டுவதே மனிதனின் நோக்கம் என்ற பொருளியல் கணக்கில் இந்த மனிதர்கள் அடங்குவதே இல்லை என்பது அவர் வாதம். நினைவு பட்ட பாட்டின் நீளத்தை அளப்பதில்லை, உச்சத்தையும் முடிவையும்தான் பத்திரப்படுத்துகிறது என்று உளவியலாளர்கள் சொல்வார்கள். அது ஓரளவு சரியாக இருக்கலாம். எனக்கு அது முழு விளக்கமாகப் படவில்லை. எவரெஸ்ட் ஏறிய முதல் பெண் ஜப்பானின் ஜூன்கோ தபே, புற்றுநோயோடு போராடிக்கொண்டே, 2016 ஜூலையில் நிலநடுக்கம் பாதித்த பகுதியின் மாணவர்களோடு ஃபூஜி மலைக்குப் போனார். அக்டோபரில் இறந்தார். 77 வயது. அந்த மலையில் அவர் எந்த உச்சத்தைப் புதிதாகப் பத்திரப்படுத்தப் போகிறார்? கடல் மட்டத்துக்காரர்களையும் இந்த இழுப்பு விட்டுவைப்பதில்லை. 1997 மே 23ஆம் தேதி எவரெஸ்ட் உச்சி சேர்ந்த முதல் மலேசியர்கள் எம். மகேந்திரன், என். மோகனதாஸ் என்ற தமிழ் வம்சாவளியினர்.

கெல்லாஸ் 1921இல் முதல் எவரெஸ்ட் ஆய்வுப் பயணத்துக்கு அழைக்கப்பட்டார். வயது 52. அந்த வசந்தத்திலேயே வேறு மலைகளில் ஏறிக் களைத்துப்போய்த்தான் வந்து சேர்ந்தார். திபெத்தில் வயிற்றுப்போக்கு பிடித்தது. டோலியில் தூக்கிப் போனார்கள். ஜூன் 5ஆம் தேதி, கம்பா ஸோங் ஊருக்குச் சற்று முன்னால் இறந்தார். அவரை அடக்கம்செய்த மேட்டிலிருந்து பார்த்தால், அவர் ஏறிய மூன்று சிகரங்கள் தெரியும். பௌஹுன்ரி அதில் ஒன்று.

இந்த உடலியல் நம் சொந்தப் பயணங்களுக்கும் வேண்டியது. ஊட்டியில் காற்றழுத்தம் கிட்டத்தட்ட கால் பங்கு குறைவு. ஆனாலும் நமக்கு ஒன்றும் ஆவதில்லை. ஹீமோகுளோபின் அந்தக் குறைவைத் தாங்கிக்கொள்ளும். சுமார் 3,000 மீட்டரைத் தாண்டியதும் தாங்குதிறன் சடசடவென்று சரிகிறது. லே நகரம் 3,500 மீட்டர். டெல்லியிலிருந்து விமானத்தில் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய் இறங்கிவிடலாம். அப்படித்தான் 1960களில் நம் ராணுவ வீரர்களைச் சமவெளியிலிருந்து நேரே எல்லை மலைகளுக்கு விமானத்தில் கொண்டுபோனார்கள். நோயுற்ற 1,925 பேரை இந்தர் சிங் என்ற ராணுவ மருத்துவர் குழுவோடு ஆராய்ந்து 1969இல் வெளியிட்ட கட்டுரை, மலைநோய் பற்றிய அடிப்படை ஆவணங்களில் ஒன்று. கட்டுமஸ்தான இளைஞர்கள்தான் அவர்கள். உடல்பலம் இதில் காப்பு இல்லை.

லே போனாலும் கயிலாய யாத்திரை போனாலும் முதல் இரண்டு நாட்கள் ஊர் சுற்றாமல் ஓய்வெடுங்கள். சிறுநீரகத்துக்கு அதன் வேலையைச் செய்ய நேரம் கொடுங்கள். தலைவலி, குமட்டல் இருக்கும்வரை மேலே ஏற வேண்டாம். நடை தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே துணையோடு கீழே இறங்குங்கள். “எனக்கு ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருக்கிறேன்” என்று பாதிக்கப்பட்டவர் சொன்னால், அந்த இடத்தில் அவர் பேச்சைக் கேட்காதீர்கள்.